பகலில் மீன் அவித்த வீடு

மகனே, உனக்கு ஸலாம். இங்கு எல்லோரும் சுகம், அங்கும் அப்படியே இருக்க துஆச் செய்கிறோம் என்று வழக்கமாக எழுதும் வரியை இந்தத் தடவை எழுதக் கை வரவில்லை. நீ வாப்பாவுக்கு எழுதிய கடிதம் பெருநாளைக்கு முந்திய கிழமை வந்தது. அவர் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். சட்டை துவைக்கப் போட்டபோது நான் எடுத்துப் பார்த்தேன். எனக்குத் தமிழ் எழுத்து எழுத வராதே தவிர, எழுத்துக்கூட்டி வாசிக்க வரும் என்பதை நீங்கள் இரண்டு பேரும் எப்போதும் மறந்துவிடுவீர்கள். உடம்பு கல்லுப் போல் இருக்க நோன்பை விட்ட மனிதரின் மகன் என்று கம்பளைப் பள்ளிவாசலில் உன்னைப் பார்த்துப் பேசிக்கொள்கிறார்களாம். மாமனார் முன்னால் தலை நிமிர முடியவில்லையாம். அதனால் பெருநாளைக்குக் கண்டிக்கு வரமாட்டாயாம். நல்லது. வரவும் இல்லை. இதற்குப் பதில் எழுத வேண்டாம் என்று வாப்பா எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த அரபுத்தமிழில், அரபு எழுத்தில் தமிழாக, எழுதுகிறேன். வாசிக்கச் சிரமமாக இருந்தால் உன் பெண்சாதியிடம் கொடு, அவள் ஓதிப் படித்த பிள்ளை. அவளும் தெரிந்துகொள்ளட்டும். மாமனாருக்கு மட்டும் காட்டாதே.

உன் சாச்சி மௌத்தானது உனக்குத் தெரியும். மலேரியாக் காய்ச்சல் அவள் இருந்த திகனப் பக்கம் எப்படி இறங்கியது என்பது நீ கம்பளையில் இருந்து கேள்விப்பட்டதைவிட மோசம். மழை இல்லாமல் ஆறு வற்றி, குட்டை குட்டையாகத் தண்ணீர் நின்று, வீட்டுக்கு வீடு ஆட்கள் நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். கொய்னா மருந்து கேட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தவர்கள் பாதையோரத்தில் படுத்துவிட்டார்கள். என் தங்கச்சி விதவை, பிள்ளையும் இல்லை. அவளை அடக்கியது பக்கத்து வீட்டார்தான். செய்தி எங்களுக்குப் பிறகுதான் கிடைத்தது. நானும் வாப்பாவும் பஸ் ஏறிப் போய், வீட்டைத் திறந்து, அவளுக்காகக் காத்தம் ஓதி, அவளுடைய உடுப்புகளை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வர நினைத்தோம். அடுப்படிக்குள் கால் வைத்தால், ஆறிப்போன அடுப்புச் சாம்பலுக்குள் அவளுடைய பூனை சுருண்டு கிடக்கிறது. சீனி என்று கூப்பிடுவாளே, வெள்ளை உடம்பும் முதுகில் ஒரு சாம்பல் திட்டும், அதுதான். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், "சோறு வச்சாலும் வாரல்ல ராத்தா. கிட்டப் போனா சீறுது. அதுவா செத்துப் போகும்." நான் அங்கேயே குந்திவிட்டேன். தங்கச்சிக்காக வராத அழுகையெல்லாம் அந்தப் பூனையைப் பார்த்ததும் வந்தது. உன் வாப்பா வெளியே போய் ஒரு பிரம்புக் கூடை வாங்கி வந்தார்.

கூடைக்குள் போட அது விட்டதா? உன் வாப்பாவின் இரண்டு கையும் கிழிந்தது. "இந்தப் பிசாசுக்கு உன்ட தங்கச்சி சீனின்டு பேரு வச்சாளே, அவள அல்லாஹ் மன்னிக்கட்டும்" என்றார். வீட்டுக்கு வந்து திறந்துவிட்டோம். பாய்ந்துபோய்ப் பின் அறையில் அலுமாரிக்குக் கீழே நுழைந்தது. நுழைந்ததுதான், வெளியே வரவில்லை. குனிந்து பார்த்தால் இரண்டு கண் மட்டும் தெரியும். கூப்பிட்டால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளும். சத்தம் இல்லை, கத்தல் இல்லை. வீட்டில் ஒரு ஜீவன் இருக்கிறது என்றே தெரியாது. நான் தட்டைக் கொண்டுபோய் அதன் மூக்குக்கு முன்னால் தள்ளிவிட்டு, நாள் முழுக்க அந்த அலுமாரியையே சுற்றிக்கொண்டிருந்தேன். உன் வாப்பாதான், "நீ பார்த்துக்கொண்டு நிண்டா அது தின்னாது புள்ள. அதுக்கு இது புது வீடு. புது வீட்டுல தின்ன வெக்கமா ஈக்கும்" என்று என்னை இழுத்துக்கொண்டு வந்தார்.

அவர் அதைச் சும்மா சொல்லவில்லை. நம் ஆட்களில் கல்யாணம் முடித்தால் பெண் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறான். ஊர் முழுக்க மாப்பிள்ளைக்கு எத்தனை தாலம் பலகாரம் போனது என்று பேசுமே தவிர, அந்த மாப்பிள்ளை அங்கே வயிறு நிறையத் தின்றானா என்று யாரும் கேட்பதில்லை. உன் வாப்பா என் உம்மாவின் வீட்டுக்கு, இதே வீட்டுக்கு, வந்த புதிதில் இரண்டாவது தடவை சோறு கேட்க மாட்டார். போதும் போதும் என்று கையைத் தட்டுக்கு மேல் விரித்துவிடுவார். என் உம்மாவும், மாப்பிள்ளைக்குச் சின்ன வயிறு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகுதான் தெரிந்தது, மனிதர் பகலில் கடைத்தெருவில் போய் ரொட்டியும் இறைச்சியும் ஒரு பிடி பிடித்துவிட்டு வருகிறார் என்று. ஆறு மாதம் கழித்து ஒருநாள் என் உம்மாவின் கையில் இருந்த ஆணச்சட்டியை அவரே வாங்கிக் குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டார். அன்றைக்குத்தான் இவர் இந்த வீட்டு ஆள் ஆனார் என்று நான் நினைத்தேன். மகனே, நீயும் இப்போது அங்கே கையை விரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாய், எனக்குத் தெரியும். அப்படி இருக்காதே. கேட்டு வாங்கித் தின். கேட்காத ஆளை எந்த வீடும் விருந்தாளியாகவே வைத்துவிடும்.

நோன்பு மாதம் பிறந்தது. எங்கள் பிழையும் அதோடுதான் பிறந்தது. விடியும் முன் ஸஹருக்கு எழும்பிச் சமைக்கும்போது பூனைக்கும் ஒரு தட்டில் சோறும் மீனும் பிசைந்து அலுமாரியடியில் வைத்துவிடுவேன். பிறகு பகல் முழுக்க அடுப்படி மூடிக் கிடக்கும். வாப்பா கடைக்குப் போய்விடுவார். நான் முன் அறையில் குர்ஆன் ஓதிவிட்டு, தலை சுற்றினால் அங்கேயே பாயில் சாய்வேன். பின்னேரம் அஸருக்குப் பிறகு கஞ்சிக்கு அரிசி களைய எழும்பும்போது பார்த்தால் தட்டு வழித்துத் துடைத்தது போல் இருக்கும். "அல்ஹம்துலில்லாஹ், தின்னுது" என்று நான் சொல்வேன். "நான் சென்னேன்தானே, ஆள் இல்லாட்டித் தின்னும்" என்று அவர் மீசையைத் தடவிக்கொள்வார். மற்ற மாதமாக இருந்தால் பகலில் அந்தப் பக்கம் போய் வராத நேரமே இருக்காது. ஒரே நாளில் தெரிந்திருக்கும். வாயைக் கட்டிய வீடு, அதனால் கண்ணையும் கட்டிக்கொண்டோம். ஒருநாள் தாகம் தாங்காமல் முகம் கழுவ எழும்பினேன். பின் அறை ஜன்னல் கம்பிக்குள் ஒரு காகம் உள்ளே வருகிறது. தன் வீடு போல இறங்கி, தட்டில் நின்று, சோறு மீன் எல்லாவற்றையும் கொத்தித் தின்கிறது. பூனை அலுமாரிக்குக் கீழே இருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. விரட்டக்கூட இல்லை.

நான் காகத்தை விரட்டிவிட்டுக் கையை உள்ளே விட்டேன். அன்றைக்குச் சீறவில்லை, கீறவில்லை. தூக்கினால் துணி தூக்கியது போல் வந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் காதுக்குள் மஞ்சள், கண்ணில் மஞ்சள், வாயைத் திறந்தால் பல் முரசும் மஞ்சள். யா அல்லாஹ், நாளெல்லாம் ஓதிக்கொண்டிருந்த எனக்குப் பக்கத்து அறையில் ஒரு வாயில்லா ஜீவன் பட்டினி கிடந்திருக்கிறது! ஆள் அனுப்பி வாப்பாவைக் கடையில் இருந்து கூப்பிட்டேன். பூனைக்காகக் கடையைப் பூட்டுவதா என்று சத்தம் போடுவார் என்று நினைத்தேன். காதைப் பார்த்தார், அதே கூடையில் வைத்துக்கொண்டு அரசாங்க மாட்டு டொக்டரிடம் போனார். அங்கே மாடும் குதிரையும் கட்டியிருக்க, தொப்பி போட்ட ஒரு முதலாளி பூனைக்கூடையோடு நின்றால் சிரிக்க மாட்டார்களா? சிரித்தார்களாம். ஆனால் டொக்டர் சிரிக்கவில்லையாம். நாட்கணக்காகத் தின்னாமல் விட்டதால் ஈரல் கெட்டுவிட்டது, மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இரவில் மட்டும் ஊட்டினால் போதாது, ஊட்டினாலும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது என்றாராம்.

இறைச்சித் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன், பல்லைக் கடித்துக்கொண்டது. பால் கொடுத்தேன், கக்கியது. ரயிலில் ஐஸ் போட்டு வரும் சாளை மீனை அவித்து, முள் எடுத்து மசித்து, சூட்டோடு விரலில் தொட்டு மூக்கில் தடவினால் மட்டும் வாய் கொஞ்சம் திறந்தது. ஆறியதைக் கொடுத்தால் உடனே வெளியே வந்துவிடும். அதனால் ஸஹருக்கே அவித்து வைத்துக்கொள்ளவும் வழி இல்லை. நோன்பு நாளில், உச்சி வெயிலில், நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, நான் அடுப்புப் பற்ற வைத்து மீன் அவித்தேன். மடியில் துணி விரித்து அதைப் படுக்க வைத்து, தேக்கரண்டிக் காம்பால் வாயைத் திறந்து, துளித் துளியாக விட்டேன். விழுங்கினால் எனக்கு நோன்பு திறந்த மாதிரி இருக்கும். கக்கினால் மறுபடியும் முதலில் இருந்து. அதன் நெஞ்சுக்கூட்டில் கை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துப் பார்த்தே எனக்கு அந்த மாதம் போனது. கழுத்துக்குக் கீழே தடவிக்கொடுத்தால் கண்ணை மூடிக்கொள்ளும். அதற்கு மேல் அது என்னிடம் ஒன்றும் காட்டவில்லை. என்னைப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று கடைசி வரை எனக்குத் தெரியாது.

மீன் வாசம் மதில் தாண்டாமல் இருக்குமா? அதுவும் ஊர் முழுக்க அடுப்பு அணைந்திருக்கும் நேரத்தில். பக்கத்து வீட்டுப் பெண்கள் முதலில் மூக்கைச் சுளித்தார்கள், பிறகு வாயைத் திறந்தார்கள். ஊர் வாயை மூட உலை மூடி உண்டா? ஒருநாள் நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் காரியம் பார்க்கும் மத்திச்சம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். நான் திரைச்சீலைக்கு உள்ளே, கையில் மீன் கிண்ணத்தோடு நிற்கிறேன். அவர் கதிரையில்கூட உட்காரவில்லை.

"கோவிக்க வாணாம் முதலாளி. பகல்ல உங்கட வீட்டுல மீன் மணக்குதுன்டு ஊரே பேசுது. யாரு நோன்பில்லாம ஈக்கிற?"

உள்ளே இருந்தே சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். என்னவென்று சொல்ல? அந்த நேரம் நம் பின்கதவில் காய்ச்சல்காரர்கள் கஞ்சிக்குச் சிரட்டையோடு நிற்கிறார்கள். பிள்ளைகளுக்கு எலும்பு தெரிகிறது. அவர்களுக்குக் கஞ்சி, பூனைக்கு மீனா என்று யாராவது கேட்கமாட்டார்களா? இரவெல்லாம் அதையேதான் நானும் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு மறுநாளும் மீன் அவித்தேன்.

உன் வாப்பா சொன்னார், "நான்தான் ஈக்கிற. வகுத்துல நோவு. டொக்டர் நோன்பு புடிக்க வாணான்டு செல்லீட்டாரு. பகல்ல சூடா மீன் கஞ்சி குடிக்கச் சென்ன."

எந்த டொக்டர் என்று நல்ல வேளை மத்திச்சம் கேட்கவில்லை. உன் வாப்பாவை மேலும் கீழும் பார்த்திருப்பார் போலிருக்கிறது. பிறகு, "கடைக்கு நடந்து போக ஏலும், மூட்டை தூக்க ஏலும், நோன்பு மட்டும் ஏலாது" என்று சொல்லிவிட்டு ஸலாம் சொல்லாமலே இறங்கிப் போனார். மகனே, பன்னிரண்டு வயதில் இருந்து ஒரு நோன்பும் விடாத மனிதர் உன் வாப்பா. அன்றைக்கும் அவர் நோன்புதான். உதடு வெடித்துப்போய் நிற்கிறார். நான் திரையை விலக்கி, "ஏன் இப்பிடிச் சென்னீங்க?" என்று அழுதேன். "பூனைக்குன்டு செல்லச் செல்றியா? நாளைக்குக் கஞ்சிக்கு வார சனம் மொகத்தப் பார்க்க ஏலுமா உனக்கு? எனக்கு வகுத்து வருத்தம்டா ஒருத்தருக்கும் நட்டமில்ல. கெதியா ஊட்டு, ஆறிப் போகுது" என்றார். எனக்கு ஊட்டக் கை வரவில்லை. அவரே கீழே உட்கார்ந்து கிண்ணத்தை வாங்கினார்.

நட்டம் இல்லை என்று சொன்னாரே, அது எவ்வளவு என்று கேள். இரவுத் தராவீஹ் தொழுகையில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இரண்டு ஆள் தள்ளி நின்றார்கள். பள்ளிக் கஞ்சிக்கு அவர் கொடுத்த அரிசியை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். பக்கத்துக் கடைச் செட்டியார் நல்ல மனிதர், முதலாளிக்கு வருத்தமாமே என்று நாள் தவறாமல் பகலில் ஆடையோடு பால் தேத்தண்ணி அனுப்பி வைத்தார். நோன்பு வாயோடு அதை வாங்கி, நன்றி சொல்லி, ஆள் போனதும் பின்பக்கக் கழிவுக் காணில் ஊற்றிவிட்டு, கிளாசைக் கழுவிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் கொஞ்சம் சிரித்தார். "செட்டியார் சீனி கூடப் போட்டிருப்பாரு, மணத்துலயே வெளங்குது" என்றார். ஆனால் தொழுதுவிட்டுக் கையேந்தி நெடுநேரம் உட்கார்ந்திருப்பார். பொய் சொன்னவனுக்கு நோன்பில் பசி மட்டும்தான் மிச்சம் என்று அவர் என்னிடம் ஒருநாள் சொன்னார்.

பூனை பிழைக்கவில்லை மகனே. நடுவில் இரண்டு மூன்று நாள் காது கொஞ்சம் வெளுத்தது. தானாக எழும்பி என் முந்தானையில் படுத்தது. நாங்கள் இரண்டு பேரும் பைத்தியக்காரர்கள் போல் சந்தோஷப்பட்டோம். பிறகு ஒருநாள் காலையில் மீன் வாசத்துக்கும் முகம் திருப்பிக்கொண்டது. தூக்கினேன், மறுபடியும் அலுமாரிக்குக் கீழே போகத்தான் பார்த்தது. விட்டுவிட்டேன். அஸருக்கு முன் அடங்கிவிட்டது. வாப்பா கொல்லையில் கொய்யா மரத்தடியில் குழி வெட்டினார். என் தங்கச்சி மௌத்தான போது நான் பக்கத்தில் இல்லை. இதற்காவது இருந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அது ஒரு ஆறுதலா என்று கேட்டால், இல்லை.

மண்ணைத் தட்டிவிட்டு வந்தவரிடம் நான் சொன்னேன், இனி என்ன, மத்திச்சத்திடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், பெருநாளைக்காவது தலை நிமிர்ந்து போங்கள் என்று. "செத்த பூனைய எடுத்து வந்து சாட்சி சொல்லச் செல்றியா? பிழைச்சிருந்தாலும் காட்டலாம்" என்றார். மறுநாள்தான் உன் கடிதம் வந்தது. அதை நான் கண்டுபிடித்ததும் அவரிடம் சண்டைக்குப் போனேன். பெத்த வாப்பாவுக்கு எழுதுற எழுத்தா இது, அவனுக்கு நான் எழுதுகிறேன் பார் என்று குதித்தேன். அவர் கடிதத்தை என் கையில் இருந்து வாங்கி, மடிப்பை விரலால் நீவிவிட்டார்.

"சரியாத்தான் எழுதியிருக்கான். சொகமா ஈந்துகொண்டு நோன்பு விடுற வாப்பான்டா, நானும் இப்பிடித்தான் எழுதியிருப்பன். புள்ளய நல்லா வளர்த்திருக்கோம்" என்றார்.

கேட்டாயா? உன் எழுத்தைக் கண்டு அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். பெருநாள் தொழுகைக்குக் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, முஸாபஹாவுக்குக் கை நீட்ட ஆள் வருமா வராதா என்று நின்று பார்க்காமல் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். புதுச் சட்டையைக் கழற்றவும் இல்லை. கம்பளை பஸ் வரும் நேரம் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த நேரத்தில் கதவுப் பக்கம் போகாமல் இருக்க, பின் அறையில் போய் எதையோ தேடுவது போல் நின்றார்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி எழுதவில்லை. நீ மன்னிப்புக் கேட்டால் நான் சொல்லிக்கொடுத்தது தெரிந்துவிடும், மனிதர் வெட்கத்தில் உன் முகத்தையே பார்க்கமாட்டார். உன் மாமனாருக்கும் ஊருக்கும் நீ விளக்கம் சொல்லவும் வேண்டாம். அவர் கட்டிய பொய்யை அவிழ்க்கும் உரிமை உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஊர் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும். நீ மட்டும் ஒருநாள் பஸ் ஏறி வா. கடைக்கே போ. எல்லோரும் பார்க்கும்படி ஸலாம் சொல்லி, பெருநாளன்று பிடிக்காத அந்தக் கையை இரண்டு கையாலும் பிடி. ஏன் வந்தாய் என்று கேட்பார். சும்மா பார்க்க வந்தேன் வாப்பா என்று சொல். பொய்தான். சொல். அல்லாஹ் அதைப் பொறுத்துக்கொள்வான். உன் வாப்பாவின் பொய்யைப் பொறுத்திருப்பான் என்று நம்பித்தானே நான் இந்த வீட்டில் சோறு ஆக்கிக்கொண்டிருக்கிறேன்.

உம்மா